புறநகரின் சிறுபொழுதுகள்

நுழையும்முன்

ஒரு நகரத்தின் பரப்பை நிலவரைபடம் கிலோமீட்டரில் காட்டுகிறது. அந்நகரத்துக்கு நாள்தோறும் வந்து திரும்புவோர் அதனை மணிக்கணக்கில் அளக்கின்றனர். சென்னையின் புறநகரங்களிலிருந்து மின்சார ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்யும் மக்களின் பொழுதுகளைப் பற்றியது இக்கட்டுரை.

தமிழ் இலக்கணம் ஒருநாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்துள்ளது. கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் இப்பகுப்புச் செல்லாது. அங்கே நாளைப் பகுப்பவை வண்டிகள். ‘ஐந்தரை வண்டிக்குள் குழம்பு இறங்கிவிட வேண்டும்’, ‘ஆறேகால் வண்டி போன பிறகுதான் குழாயில் தண்ணீர் வரும்’, ‘ஏழு பத்தை விட்டால் அரைநாள் விடுப்புத்தான்’ என்றே வீடுகளில் பேச்சு நடக்கிறது. மனிதர்களுக்குக்கூட வண்டியே அடைமொழியாகிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாதவர்களும் அவரை ‘ஆறேகால் வண்டிக்காரர்’ என்று அடையாளம் சொல்லிவிடுவர்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செங்கல்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை ஒரு பாதை செல்கிறது. வடக்கே எண்ணூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும், அதற்கப்பால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சூலூர்ப்பேட்டைக்கும் மற்றொரு பாதை. நகருக்குள்ளே 1995ஆம் ஆண்டில் சேப்பாக்கம் வரையிலும் 2007இல் வேளச்சேரி வரையிலும் நீண்ட பறக்கும் ரயில் பாதை வேறு. வைகறையில் இப்பாதைகள் அனைத்தும் மக்களை ஒருமுகமாக நகரை நோக்கி இழுக்கின்றன. இரவில் அவர்களைத் திருப்பி அனுப்புகின்றன.

இவ்வோட்டத்தின் திசை என்றும் இவ்வாறே இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அது தொலைவூர்ப் பயணத்திற்கானது. வேலை நகரத்தில், வீடு நகருக்கு வெளியே என்னும் வாழ்க்கைமுறைக்கு வழிதிறந்த ஆண்டு 1931. அவ்வாண்டில்தான் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத் தாம்பரம் மக்கள் காற்றுக்காகத் தேடிச் சென்ற ஊர். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அந்நாளில் தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவுமே மருத்துவமாக இருந்தன. மருத்துவர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டு அங்கே காசநோயாளிகளுக்கான நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தின் பெயரில் அவ்வரலாறு இன்றும் நிற்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. நல்ல மூச்சு வாங்குவதற்காக மக்கள் தேடிச் சென்ற அதே ஊரின் நடைமேடைகளில், இன்று வண்டியைப் பிடிக்க மூச்சு வாங்க ஓடுகின்றனர்.

தொலைவில் குடியேறுவோர் தொலைவை விரும்பிக் குடியேறுவதில்லை. மாம்பலத்தில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகைக்கு மறைமலைநகருக்கு அப்பால் ஒரு வீடே கிடைக்கும். வாசலில் ஒரு முருங்கை மரமும் இருக்கும். பயணக் கட்டணமும் குறைவு. புறநகர் ரயிலில் குறைந்த அளவுக் கட்டணம் 5 ரூபாய். மாதப் பருவச்சீட்டு வாங்கினால் இன்னும் மலிவு. அதனை யாரும் பருவச்சீட்டு என்று சொல்வதில்லை. ‘சீசன்’ என்றால்தான் சீட்டு வழங்குபவருக்கும் விளங்கும். ஆகவே வாடகை மிச்சம், கட்டணமும் மிச்சம் என்று குடும்பக் கணக்கு முடிகிறது. அக்கணக்கில் ஒரு செலவு மட்டும் எழுதப்படுவதில்லை.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை வண்டிக்குள் இருக்கும் நேரமே ஒன்றரை மணிக்கு மேல். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், இறங்கியபின் பேருந்திலோ நடந்தோ அலுவலகம் சேரும் நேரம் ஆகியவற்றையும் கூட்டினால் ஒருவழிக்கு இரண்டு மணி என்பது மிகையன்று. நாளொன்றுக்கு 4 மணி. மாதம் 25 வேலைநாள் என்றால் 100 மணி. ஆண்டுக்கு 1200 மணி. இரவும் பகலும் சேர்ந்த முழு நாள்களாக எண்ணினால் இது 50 நாள். எட்டு மணி நேர வேலைநாளாக எண்ணினால் 150 நாள். நூற்றைம்பது நாள் உழைப்புக்குச் சமமான இந்நேரத்திற்கு எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலிலும் இடமில்லை. நகரத்தின் நிலவிலை உயர உயர அதன் ஒரு பகுதியைப் புறநகர்வாசி பணமாகக் கொடுக்காமல் ஆயுளாகக் கொடுத்துவருகிறார் என்பதே உண்மை.

அந்த ஆயுளும் வீட்டில் உள்ள அனைவரிடமிருந்தும் ஒரே அளவில் கழிவதில்லை. ஒரே வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் ஏறுகின்றனர். அவர் ஐந்து மணிக்கு எழுந்தவர். அவர் மனைவி மூன்றரைக்கே எழுந்தவர். காலைச் சிற்றுண்டி, நண்பகலுக்கு மூன்று அடுக்குப் பாத்திரத்தில் சோறு, குழந்தையின் பள்ளிப்பைக்குள் தனி டப்பா, மாமியாருக்கு மூடிவைக்கும் கஞ்சி ஆகிய அனைத்தும் முடிந்த பிறகே அவருக்கு வண்டி. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவனின் வருகையை நோக்கித் தலைவி ஆற்றியிருந்தாள் என்பது பழைய மரபு. இன்று வினைமேற் செல்பவளும் அவளே. மாலையில் வாசற்படியில் ஆற்றியிருப்பது பள்ளிவிட்டு வந்த குழந்தை. அலுவலகம் விட்டு எட்டு மணிக்குத் திரும்பும் தாய்க்கு ஆற்றியிருக்கும் அடுப்பும் ஒன்று உண்டு.

எனவேதான் மகளிர் பெட்டிக்குள் வண்டி ஓடத் தொடங்கியதும் வேறொரு வீடு தொடங்குகிறது. மடியில் செய்தித்தாளை விரித்து அவரைக்காயை நரம்பு நீக்குகிறார் ஒருவர். ஒருவர் பூத்தொடுக்கிறார், தொடுத்த சரத்தின் முதல் முழம் பக்கத்து இருக்கைக்குப் போகிறது. மூவர் அமரும் இருக்கையில் நான்காமவர் வந்து நின்றால், ‘கொஞ்சம் தள்ளி உட்காரும்மா’ என்னும் ஒரு சொல்லுக்கு இடம் பிறந்துவிடும். வளைகாப்புக்குக் காசு சேர்ப்பதும் மகளின் மதிப்பெண்ணை அறிவிப்பதும் மருமகளைப் பற்றிக் குறைகூறுவதும் இங்கேதான். இவர்களுள் பலர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றதே இல்லை. பத்தாண்டு நட்பு முழுவதும் தண்டவாளத்தின் மேலேயே நடந்திருக்கும்.

விற்பனையாளர் பெட்டியின் வாழ்க்கை இதனினும் நெருக்கமானது. கீரைக் கட்டுகளும் காய்கறிக் கூடைகளும் பூ மூட்டைகளும் ஏறும் அப்பெட்டியில் மனிதர்கள் சரக்குகளுக்கிடையே இடம் தேடிக் கொள்கின்றனர். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி வேர்க்கடலை மிட்டாயும் பேனாவும் அட்டை உறைகளும் விற்கும் பார்வையற்றோர் பலர் உள்ளனர். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையே அடையாற்றுப் பாலத்தின் மேல் வண்டியின் ஓசை மாறும். பார்வையுள்ளோர் கைப்பேசியிலிருந்து தலைநிமிரும் முன்னரே, அவ்வோசையைக் கேட்டு அவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்க வாயிற்பக்கம் நகர்ந்திருப்பர்.

வாயிற்பக்கம் என்றவுடன் பேச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு காலைப்பொழுது, வழக்கமான பாதையில் மின்கம்பிக் கோளாறு ஏற்பட்டதால் புறநகர் வண்டி ஒன்று விரைவுவண்டிகள் செல்லும் பாதையில் திருப்பிவிடப்பட்டது. அப்பாதையை ஒட்டிப் பரங்கிமலை நிலையத்தில் தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. படிக்கட்டில் தொங்கியவாறு சென்றவர்கள் அச்சுவரில் மோதிக் கீழே விழுந்தனர், சிலர் உயிரிழந்தனர். நாள்தோறும் ஒரே பாதையில் சென்றவர்களுக்கு எந்தத் தூண் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பது உடலுக்கே பழகியிருக்கும். அன்று பாதை மாறியது; உடலின் கணக்கு மாறவில்லை. படிக்கட்டுப் பயணத்தை இளமைத் துடுக்கு என்று மட்டும் சொல்லிக் கடப்பது எளிது. துடுக்கும் அதில் உண்டுதான். ஆயினும் முந்தைய வண்டி தாமதமாகி, இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறும் நாள்களில், நேரத்துக்குச் சேராவிட்டால் ஊதியம் வெட்டப்படும் நடுவயதினரும் அதே படியில் ஒற்றைக்காலுடன் நிற்கின்றனர்.

ரயில் பாதையின் வாய்ப்பும் இல்லாத புறநகர் ஒன்று தெற்கே உள்ளது. கூவம், அடையாற்றுக் கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டன. பிறர் வாடகையைக் கணக்கிட்டுத் தொலைவை ஏற்றனர். இவர்களுக்குத் தொலைவு ஒதுக்கீடாக வந்தது. ஆற்றங்கரையில் வாழ்ந்தபோது வீட்டுவேலைக்கு நடந்தே சென்ற பெண்கள் இப்போது அதே வீடுகளுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்து செல்கின்றனர். முன்பு காலையில் இரண்டு வீடு, இடையில் வந்து தம் பிள்ளைக்குச் சோறு, மாலையில் மேலும் ஒரு வீடு என்று வேலை அமைந்திருந்தது. தொலைவு வந்ததும் இடைவேளை போயிற்று. மாலை வீட்டின் வருமானமும் பலருக்குப் போயிற்று. குடிசைக்கு மாற்றாகக் கூரையும் கழிப்பறையும் உள்ள வீடு கிடைத்தது மெய். அவ்வீட்டில் இருப்பதற்கான பொழுது குறைந்ததும் மெய்.

2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இத்திட்டத்தின் பயனை அறிய வேண்டுமாயின் ஒரு வீட்டுவேலைப் பெண்ணின் சுருக்குப்பையைக் கேட்க வேண்டும். நாளும் போக வர இரண்டு பேருந்து மாறிச் செல்பவருக்கு மிச்சமாகும் பணம் எரிவாயு உருளைக்கும் பிள்ளையின் தனிப்பயிற்சிக்கும் ஆகிறது. அதுவரை ‘இந்தச் சம்பளத்துக்குப் பேருந்துக் காசு கட்டாது’ என்று வீட்டிலிருந்த சிலரும் வேலைக்குப் புறப்பட்டனர். ஆனால் நிறுத்தத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். கட்டணப் பேருந்துகள் இரண்டும் மூன்றும் வந்து செல்கின்றன, பெண்கள் ஏறுவதில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் தீட்டிய பேருந்தின் வருகைக்காகக் காத்து நிற்கின்றனர். இருபது நிமிடம் நிற்பவருக்கு அந்த இருபது நிமிடமே கட்டணம். பணத்தைத் தள்ளுபடி செய்தது அரசு; நேரத்தைத் தள்ளுபடி செய்யப் பேருந்துகளின் எண்ணிக்கையால் மட்டுமே இயலும்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டுப் பாதையில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் கதவுகள் தாமாக மூடிக்கொள்வதால் படியில் தொங்க வழியில்லை. பெட்டிக்குள் வியர்வையும் இல்லை. கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பல மடங்கு. அவ்வண்டி வந்து நின்று செல்லும்வரை, அவரைக்காய்ப் பையுடன் அடுத்த வண்டிக்காக நடைமேடையில் நிற்போர் நிற்கின்றனர்.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தாம்பரத்தைக் கடந்து செல்லும் வண்டிகளில் பேச்சு அடங்கிவிடுகிறது. காலையில் கலகலத்த அதே பெண்கள் சன்னல் கம்பியில் தலைசாய்த்து உறங்குகின்றனர். துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்ற பெண், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை எதிர் இருக்கையின் அடியில் நீட்டிக்கொள்கிறார். பொத்தேரியில் இறங்க வேண்டியவர் யார், சிங்கப்பெருமாள்கோவில் வரை செல்பவர் யார் என்பது இருக்கைக்கு இருக்கை தெரிந்த செய்தி. எனவே நிலையம் நெருங்குமுன் ஒரு கை நீண்டு உரியவரின் தோளைத் தொடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி உறங்கத் தொடங்கினால், கண் மூடுவதற்கு முன்பே எதிரிலிருப்பவர் கேட்டுவிடுகிறார்: ‘நீ எங்கே இறங்கணும், கண்ணு?’ ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு அவள் உறங்குகிறாள். கேட்டவர் தாம் முன்னதாக இறங்க நேர்ந்தால், அவ்வூர்ப்பெயரைப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டே இறங்குகிறார்.