இருநூற்று ஒரு நடை

சின்ன வயதில், அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவாள். முதலில் தக்காளி. வந்து மூச்சு வாங்குவதற்குள் கொத்தமல்லி. அப்புறம் உப்பு. "எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதித் தரச் சொல்லுடா" என்று அண்ணாச்சியே சிரிப்பார்.

டேட்டாபேஸ் டேபிள்களை ஆப்ஜெக்டுகளாகத் தரும் ஓஆர்எம் அம்மா மாதிரிதான். சீக்வல்ஆல்கெமியில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் லேசி லோடிங். 200 ஆர்டர்களை எடுக்க ஒரு க்வெரி. ஒவ்வொரு ஆர்டரின் பொருட்களையும் தொடும்போது தலைக்கு ஒன்றாக இன்னும் 200. லேப்டாப்பில் ஐந்து ஆர்டர்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. ப்ரொடக்‌ஷனில் ஒரு நடைக்கு 2 மில்லிசெகண்ட் என்றாலும், 400 மில்லிசெகண்ட் நடையிலேயே போய்விடும்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கோடில் இதைப் பார்த்தேன். "இதுகூடத் தெரியாதா?" என்று ரிவ்யூவில் எல்லோரும் பார்க்க எழுதினேன். பிறகு நானே திருத்தினேன். ஆர்டர் மாடலிலேயே பொருட்கள், கட்டிய தவணைகள் இரண்டையும் ஜாயின் பண்ணி எடுத்துவரச் சொல்லிவிட்டேன். ஒரே க்வெரி. பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி மெமரி நிரம்பி சர்வர் விழுந்தது. ஓர் ஆர்டரில் 10 பொருள், 4 தவணை என்றால் இப்படிப்பட்ட ஜாயின் அவற்றைக் கூட்டாது, பெருக்கும்: 40 வரிசை. திரையில் 200 ஆர்டர் வரைக்கும் அது தாங்கியது. மாத ரிப்போர்ட்டும் அதே மாடலைத்தான் தொடுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. அதில் 50,000 ஆர்டர். 20 லட்சம் வரிசை. இத்தனைக்கும் அந்த ரிப்போர்ட்டுக்குப் பொருட்களும் வேண்டாம், தவணைகளும் வேண்டாம்.

சரிசெய்தது அந்தப் பெண்தான். மாடலைப் பழையபடி விட்டாள். ஆர்டர் திரையின் க்வெரியில் மட்டும் செலக்ட்இன்லோட் சேர்த்தாள். ஆர்டர்களுக்கு ஒன்று, அவற்றின் பொருட்கள் மொத்தத்துக்கும் ஒன்று, தவணைகளுக்கு ஒன்று. மூன்றே நடை. ரிப்போர்ட்டுக்கு வெறும் ஆர்டர். என்ன தேவை என்பது கேட்கிற இடத்துக்குத்தான் தெரியும். சீட்டையும் அங்கேதான் எழுத வேண்டும்.

திட்டிய அதே இடத்தில் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டேன். மதியம் டீ குடிக்கும்போது சொன்னாள்: "பரவால்லண்ணா. ரிப்போர்ட்டுக்கு இதெல்லாம் வேணாமேன்னு அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன். அந்த கமெண்டைப் பாத்தப்புறம் கேக்கத் தோணல."

மெமரி எவ்வளவு போனது என்பதற்கு கிராஃப் இருந்தது. இதற்கு இல்லை.