காட்டுவது மூளை, காண்பது யார்?

ஊரில் தனித்திருந்த அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தபோது அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, எதிரில் நிற்பவர் முகம் புலப்படாத நிலை. எங்களைக் குரலால்தான் அறிந்துகொள்வார்கள்.

ஒரு மார்கழி மாலையில் என்னை அருகழைத்து, “சுவரோரம் நிற்கிற பெண்பிள்ளைகள் உன் கண்ணுக்கும் தெரிகிறார்களா அப்பா?” என்று மெல்லக் கேட்டார்கள். அங்கே எவரும் இல்லை. பச்சைப் பாவாடை உடுத்த சிறுமியர் நால்வர் பேசாது நின்று மறைவதாகவும், பாவாடைக் கரையின் இழைகூடத் தெளிவாகத் தெரிவதாகவும் சொன்னார்கள். பெற்ற மகனின் முகம் தெரியாத கண்ணுக்கு அந்த இழை தெரிந்தது! மூன்று திங்களாக இதனை மறைத்து வைத்திருந்தார்கள். “சொன்னால் பைத்தியம் என்பீர்களோ என்று பயம். காலன் அனுப்பிய பிள்ளைகளோ என்றும் நினைத்தேன்.”

அண்டை வீட்டார் பரிகாரம் சொன்னார்கள். மருத்துவர் ஒருவர் முதுமையின் மனக்கோளாறு என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார். அதனை விழுங்கி அன்னையார் பகலெல்லாம் சோர்ந்து கிடந்ததைக் கண்டு, கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மாவின் அறிவில் பழுதே இல்லை. கண்ணிலிருந்து செய்தி குறைந்தால் மூளையின் பார்வைப் பகுதி வாளா இருப்பதில்லை, தானே படம் வரைகிறது” என்றார். இதற்குச் சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயராம்.

அதன்பின் நூல்களைத் தேடினேன். போனே ஜெனீவா நகரத்து இயற்கையறிஞர். பார்வை மங்கிய தம் பாட்டனார் இல்லாத மனிதரையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டு வந்ததை அவர் 1760-இல் பதிவு செய்தார். வியப்பு என்னவெனில், அந்நூல் ஆன்மாவின் ஆற்றல்களைப் பற்றியது! 1998-இல் இலண்டன் ஆய்வாளர்கள் இத்தகையோரின் மூளையைப் படம்பிடித்தபோது, வண்ணம் தோன்றியவர்க்கு வண்ணத்தை உணரும் பகுதியும், முகம் தோன்றியவர்க்கு முகத்தை உணரும் பகுதியும் இயங்கக் கண்டனர்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 1973-இல் இங்கிலாந்தில் ஒருவருக்கு, மூளையின் வலப்புறப் பிடரிப் பகுதியில் அறுவை செய்ததால், இடப்பக்கப் பார்வை பெரிதும் அற்றுப்போயிற்று. அப்பக்கம் ஒளிப்புள்ளி காட்டினால், எதுவும் தெரியவில்லை என்பார். ஊகித்தாவது காட்டுங்கள் என்றால், கை பெரும்பாலும் சரியான இடத்தையே சுட்டியது! வைஸ்கிராண்ட்ஸ் என்னும் உளவியலறிஞரும் உடனுழைத்தவர்களும் 1974-இல் இதனை வெளியிட்டனர். அவருக்குப் பொருள் இருந்தது, காணும் உணர்வு இல்லை. என் அன்னைக்குக் காணும் உணர்வு இருந்தது, பொருள் இல்லை. கண்ணும் காட்சியும் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

மருத்துவர் சொன்னதை அன்னையாருக்கு மீண்டும் விளக்கினேன். காலனைப் பற்றிய அச்சம் நீங்கிற்று. சற்று நேரம் சிந்தித்திருந்துவிட்டு, “மூளை காட்டுகிறது, சரி. எனக்குத்தானே காட்டுகிறது? அந்த நான் யார்?” என்றார்கள்.

‘எனது உடல்’ என்று நாம் சொல்வதையே, உடலின் வேறாக உயிர் உண்டு என்பதற்கு ஒரு காரணமாகச் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் காட்டுகிறது. எழுத்து வாசனை மிகுதியில்லாத அன்னையார் அந்த இடத்திற்குத் தாமாகவே வந்து சேர்ந்திருந்தார்கள். ‘நான்’ என்பதும் மூளை வரையும் இன்னொரு படமே என்று அறிவியலார் பலர் கூறுவர். அதனை மறுக்கும் கல்வி எனக்கில்லை. ஆயினும் அப்படத்தைக் காண்பது யார் என்ற கேள்வி அப்போதும் எஞ்சுகிறதே!

தூக்க மாத்திரை நின்றது. சில நாள் கழித்து, “பிள்ளைகள் வந்தார்களா அம்மா?” என்று கேட்டேன். “வந்தார்கள். இப்போது பயமில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்” என்று சிரித்தார்கள்.