சுருள் பார்ப்பவர்

புனே, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். மேசையின் இரு முனைகளிலும் கைப்பிடி வைத்த சக்கரங்கள். நடுவில் பால் வெள்ளைக் கண்ணாடி, அடியில் விளக்கு. முன்னால் இருப்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மெல்லிய பருத்தி உறை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி.

துருவேறிய டப்பாவின் மூடியை நெம்பித் திறக்கிறார். சுருளைத் தொடவில்லை, முதலில் முகர்கிறார். காடி நெடி கதவோரம் வரை வருகிறது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் கசியும். அந்த ஆவி பட்டால் பக்கத்துச் சுருளும் கெடும். மூடியில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டு, டப்பாவைத் தனி அலமாரிக்கு அனுப்புகிறார். முகத்தில் சலனம் இல்லை.

அடுத்த டப்பாவில் நெடி இல்லை. சுருளை மாட்டுகிறார். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கையின் இரு விரல்களுக்கிடையே பிலிமின் ஓரம் வழுக்கிப் போகிறது. துளை கிழிந்த இடம் முதலில் விரலுக்குத்தான் தெரிகிறது. கண் பிறகுதான் குனிகிறது. டேப்பை வெட்டி, துளைக்குத் துளை சரிபார்த்து ஒட்டுகிறார். சற்றுத் தள்ளி ஒரு பழைய ஒட்டு. ஏதோ ஒரு கொட்டகையில் படம் அறுந்து, ரசிகர்கள் விசிலடிக்க, ஆபரேட்டர் அவசரமாகப் போட்டதாக இருக்கலாம். அதையும் பிரித்துச் சீராக்குகிறார்.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் கை உயர்த்துகிறாள். நொடிக்கு 24 கட்டம். பத்துக் கட்டம் தாண்டியும் கை பாதி வழியில்தான் இருக்கிறது. படத்துக்கும் துளை வரிசைக்கும் இடையே நெளிநெளியாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அவள் குரல் அதில்தான் இருக்கிறது. அங்கே கீறல் விழுந்தால் பாட்டு கரகரக்கும். பூதக்கண்ணாடி அந்தக் கோட்டின் மேல் வெகுநேரம் நிற்கிறது.

டீ வருகிறது. உறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்க் குடித்து வருகிறார். பதிவேட்டில் சுருக்கம், கீறல், ஒட்டு, நெடி என்று கட்டங்கள் நிரம்புகின்றன.

1964இல் தொடங்கிய காப்பகம் இது. பி.கே. நாயர் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அதற்குள் போனவை போய்விட்டன. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’ இரண்டும் 1931இல் வந்தவை; இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. ஓடி முடிந்த படங்களை, பிலிமில் உள்ள வெள்ளிக்காகக் கரைத்த காலம் அது. அந்நாளைய நைட்ரேட் சுருள்களோ எளிதில் தீப்பிடிப்பவை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தப்பியது வழக்கின் புண்ணியத்தால். படத்தின் மூல நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பகத்தார் நீதிமன்றம் போனார்கள், படம் முடங்கியது. 1974இல் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஓகோவென்று ஓடிய எத்தனையோ படங்கள் அழிய, ஓட முடியாத படம் மிஞ்சியது.

மூடிய தியேட்டரின் மூலையிலோ, படம் எடுத்தவர் வீட்டுப் பரணிலோ இன்னும் படப்பெட்டிகள் கிடக்கலாம். கண்ணில் பட்டால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காப்பகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். கெட்டுப்போனது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.