அந்த ரூம்ல யாரு குடியிருக்கா?

சூப்பரா ஒரு கேரக்டர் வரைஞ்சிட்டீங்க. கண்ணு, மூக்கு, சுருட்டை முடி எல்லாம் ஓகே. சரி... அவ எங்கே தூங்குவா? ராத்திரி தாகம் எடுத்தா, தண்ணிப் பானைக்கு எந்தப் பக்கம் நடப்பா? "பின்னாடி ஒரு சுவர், ஒரு ஜன்னல் போட்டுட்டா போச்சு"ன்னு சொல்ற ஆளா நீங்க? அப்படின்னா இந்த டூர் உங்களுக்குத்தான்.

திருவான்மியூர்ல மாமல்லபுரம் பஸ் பிடிச்சு, ஈ.சி.ஆர்.ல முட்டுக்காட்டுல இறங்குங்க. அங்கேதான் இருக்கு தட்சிணசித்ரா. 1996 டிசம்பர்ல திறந்த இடம். எங்கெங்கோ இருந்த பழைய வீடுகளைப் பிரிச்சு எடுத்து வந்து, இங்கே மறுபடியும் நிமிர்த்தி வெச்சிருக்காங்க. செட்டிநாட்டு வீடு, அக்ரஹார வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடு... எல்லாம் நடக்குற தூரம்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு!

எல்லாரும் திண்ணையில உட்கார்ந்து போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க. அங்கே இருக்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஒரே ஒரு அறையை மட்டும் அளந்துக்கோங்க. நீளம், அகலம், வாசக்கால் உயரம், திண்ணை உயரம். அது போதும்.

எதுக்கு இந்த வேலை? ஒரு குட்டி அனிமேஷன் படத்துலகூட அதே ரூமை இருபது கோணத்துல காட்ட வேண்டி வரும். மனசுல இருக்குறதை வெச்சு வரைஞ்சா மூணாவது ஷாட்ல ஜன்னல் நகர்ந்திருக்கும், அஞ்சாவது ஷாட்ல கதவு குள்ளமாகியிருக்கும். அதனால ரூமை முதல்ல கம்ப்யூட்டர்ல கட்டிடணும். அப்புறம் எந்த மூலையில வேணும்னாலும் நின்னு பார்த்து, அதுக்கு மேல வரையலாம்.

இது புது ட்ரிக் இல்லை பாஸ். டிஸ்னியோட 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' (1986) படத்துல, பிக் பென் கடிகாரத்துக்குள்ள ஒரு சண்டை வரும். அந்தப் பல்சக்கரங்களை கம்ப்யூட்டர்ல வெறும் கோடுகளா உருவாக்கி, பேப்பர்ல எடுத்து, கையால வரைஞ்ச எலிகளோட சேர்த்தாங்க. அன்னிக்கு அதுக்குப் பெரிய ஸ்டூடியோ வேணும். இன்னிக்கு பிளெண்டர் சாஃப்ட்வேர் ஃப்ரீ. 2002-லயே அதோட சோர்ஸ் கோடையும் திறந்து விட்டுட்டாங்க.

பிளெண்டர்ல சுவர், தூண், கதவு எல்லாத்தையும் சாதாரணப் பெட்டிகளாவே வைங்க. கலர், டிசைன் எதுவும் வேண்டாம். ஃபர்ஸ்ட் இயர்ல திட்டிக்கிட்டே போட்ட இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் இங்கே கை கொடுக்கும். சின்ன ரூம்ல நிஜ கேமராவோட பின்னால போனா முதுகு சுவர்ல இடிக்கும். இங்கே அந்தச் சுவரையே மறைச்சுட்டுப் பின்னால போகலாம்!

இப்போதான் முக்கியமான கேள்வி. கேமராவை எந்த உயரத்துல வைக்கிறது? நெசவாளர் வீட்டுப் பொண்ணு ஒருத்தியைக் கற்பனை பண்ணிக்கோங்க. குழித்தறியில உட்கார்றவங்களுக்குக் கால் ரெண்டும் குழிக்குள்ள, இடுப்பு தரை மட்டத்துல. அப்போ கண்ணு தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்துலதான் இருக்கும். கேமராவை அங்கே இறக்கிப் பாருங்க... உத்தரம் எங்கேயோ உசரத்துக்குப் போயிடும். வாசல்ல வந்து நிக்கிற கடன்காரர் மலை மாதிரி தெரிவார். அஞ்சடிக்கு ஏத்துங்க, அதே ரூம் விருந்தாளி பார்க்குற ரூம் ஆயிடும். சுவர் மாறலை, பார்க்குற ஆள்தான் மாறியிருக்கார்.

அந்தக் காட்சியை வெளிறின கலர்ல பிரிண்ட் எடுத்து, மேல ஒரு பேப்பர் வெச்சு வரைய ஆரம்பிங்க. ஆனா அப்படியே காப்பி அடிச்சா படம் செத்துப் போகும். கம்ப்யூட்டர் போடுற கோடு எல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கும். தலைமுறை தலைமுறையா மிதிபட்ட வாசப்படி அப்படியா இருக்கும்? நடுவுல தேய்ஞ்சு பள்ளமாகியிருக்கும். சாய்ஞ்சு உட்கார்ற தூண்ல எண்ணெய்க் கறை, மாடத்துல விளக்குப் புகை, ஆணியில தொங்குற ஸ்கூல் பை... இதெல்லாம் உங்க கை போட வேண்டியது. அளவை மாடல் சொல்லும். குடியிருக்குறது யாருன்னு நீங்கதான் சொல்லணும்.

தட்சிணசித்ராவுக்கு வந்து சேர்ந்த வீடுகள் அதிர்ஷ்டம் செஞ்சவை. உங்க பாட்டி வீட்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய்க் கட்ட யாரும் வரப்போறதில்லை. ஃப்ளாட் கட்ட ஜே.சி.பி. வேணா வரும். அப்புறம் 'சமையக்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு?'ன்னு அண்ணன் தம்பிகளே சண்டை போட்டுக்குவாங்க. ஆல்பத்தைப் பார்த்தா எல்லா போட்டோவுலயும் மனுஷங்கதான் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. ரூம் பாதி மறைஞ்சிருக்கும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கள்ல? ஒரு இருபது ரூபா நோட்டு, ஒரு டேப். டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கச் சொல்லி பாட்டியையே கூப்பிடுங்க. எந்த மூலையில என்ன நடந்துச்சுன்னு அவங்களே கதை கதையாச் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. உங்க படத்துக்கு ரூமும் ரெடி, கதையும் ரெடி!