வைசியாள் வீதியும் தேய்மானக் கணக்கும்

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் அங்கே நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். அவை எங்க ஊர்ப் பக்கத்துத் தூண்கள் என்று சொன்னால்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள், 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. தூண்கள் அங்கிருந்து வந்தவைதான். (இத்தனை வருஷத்துக்கு வாடகை கேட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கணக்குப் போட வேண்டும்!)

எனக்குச் சொந்த ஊர் பனமலை. ஏரியை ஒட்டின குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிற ஊர். பி.காம். படிப்பது புதுச்சேரியில். அதனால் இந்த நகரத்தை வெளியூர்க்காரன் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் ஞாபகம் வரும். அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. சுற்றுலா வருகிறவர்களில் பல பேர் தாண்டுவதே இல்லை. தாண்டினால் வைசியாள் வீதியைப் பார்க்கலாம், அரசாங்கப் பெயர் கால்வே சுப்பராய செட்டி வீதி. தெருவை ஒட்டி மரத்தூண் தாங்குகிற தாழ்வாரம், அப்புறம் திண்ணை, வாசல் கதவைத் தாண்டினால் முற்றம். மாடி வைத்த வீடுகளில் மேலே மட்டும் பிரெஞ்சுச் சாயல், வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டின அரைத்தூணுமாக. கீழே வேட்டி, மேலே கோட்டு!

இந்த வீதியைத்தான் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தில் சீரமைத்தார்கள். இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் ஒரு நகரமும் கூட்டாளிகள். களத்தில் நின்றது இன்டாக் அமைப்பு. தனித்தனி வீட்டைப் பிடிக்காமல் தெருவையே ஒரு வீடு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். முகப்புச் செலவில் ஒரு பங்கு திட்டத்துடையது, மீதி வீட்டுக்காரருடையது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுப் பட்டியலில் இந்த வீதியும் இருந்தது.

இனி நம் பாடத்துக்கு வருகிறேன், தூங்காதீர்கள். கட்டிடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. பிளஸ் ஒன்னிலேயே படித்ததுதான். குறைந்து செல் இருப்பு முறையில் போட்டால் நூறு வருஷத்து வீட்டின் மதிப்பு ஏட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடியில் இருக்கிற மனை மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதோடு பாகப்பிரிவினையையும் சேருங்கள். நாலு அண்ணன் தம்பி இருந்தால் முற்றத்தை நாலாக வெட்ட முடியாது, விற்ற பணத்தைத்தான் வெட்ட முடியும். வாங்குகிறவர் மனைக்குத்தான் காசு கொடுக்கிறார், தேக்கு உத்திரத்துக்கு இல்லை. ஆக, இடிப்பவர்களுக்கு ரசனை இல்லை என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. அவர்கள் போட்ட கணக்கு சரி.

கணக்கில் வராமல் போனது ஒன்று உண்டு. தாழ்வாரம் என்பது வரிசையாக இருந்தால்தான் தாழ்வாரம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நிழலிலேயே நடக்கலாம். நடுவில் ஒருவர் இடித்து ஷட்டர் போட்டால் வரிசை அறுந்துவிடுகிறது. நஷ்டம் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும், லாபம் அவர் ஒருவருக்கு. நம் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வருமே, இந்தத் தெருவுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் யாருடைய இருப்புநிலைக் குறிப்பிலும் அது ஏறவில்லை. பக்கத்து ஓட்டல்காரரும் துணிக்கடைக்காரரும் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். ஒழுகுகிற கூரையோடு அதே வீதியில் குடியிருக்கிறவருக்கு அதில் ஒரு பைசா போவதில்லை. சொத்து வரியிலாவது அவருக்குத் தள்ளுபடி தரலாம் என்பது என் கட்சி.

பழைய வீடு விடுதியாக மாறுவதும் நடக்கிறது. இடிப்பதற்கு அது தேவலை. இருந்தாலும் திண்ணையில் உட்கார ரூம் எடுக்க வேண்டும் என்பது உறுத்துகிறது. அந்தக் காலத்தில் மட்டும் எல்லோரும் உட்கார்ந்தார்களா என்று கேட்பீர்கள். வீதிக்கே சாதிப் பெயர் வைத்த ஊர், பதில் உங்களுக்கே தெரியும்.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அரசாங்கச் சொத்து என்பதால் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் வீடு விழுந்தால் அங்கே அடுக்குமாடி எழும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் இப்போது யோசிப்பதற்குக் காரணம் உண்டு. பனமலையில் தாத்தா கட்டின நாட்டு ஓட்டு வீட்டுக்கும் இரண்டு திண்ணை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. வருகிற தை மாதம் பங்கு பேச்சு. இடித்துவிட்டு மாடி வீடாகக் கட்டலாம் என்கிறார் சித்தப்பா. நான் வைசியாள் வீதி கதையை எடுத்ததும் சிரித்தார்.

"குரங்கு ஓட்டை உடைச்சுட்டுப் போவுது, மாத்திப் போட ஆள் கெடைக்கல. மழை வந்தா ராத்திரியில பாத்திரம் வைக்கிறது உங்க சித்தி. நீ பாண்டியில ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு திண்ணை வேணும்னு சொல்ற."

மறுக்க முடியாது. அந்த வீட்டில் குடியிருப்பது அவர்தான். பழையதைச் சரி செய்ய, புதிதாகக் கட்ட என்று இரண்டு செலவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "பழசை வெச்சா சிலாப் வீட்டு வசதி போயிடுது, அதுக்கு யாருடா குடுப்பா?" என்று கேட்டார். வைசியாள் வீதிக்காரர்களுக்கு ஒரு பங்காவது கொடுக்க ஆள் இருந்தது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, சந்தோஷம்தான். பனமலைத் திண்ணை எந்தப் பட்டியலிலும் ஏறப் போவதில்லை.

போன வாரம் வேறு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். தெருப்பக்கம் பத்தடி, திண்ணையும் தாழ்வாரமும் மட்டும் அப்படியே இருக்கட்டும். பின்னால் இருக்கிற இடத்தில் சிலாப் போட்டு இரண்டு குடும்பத்துக்கும் அறை கட்டலாம். சித்தப்பா சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சுவர் தாங்குமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.