70 வளைவும் ஒரு நடுங்கும் ஸ்டியரிங்கும்

கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்கள் புளியோதரையை மறக்க மாட்டார்கள், ஸ்டியரிங்கை மறந்துவிடுவார்கள். அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு சாமி!

சேலம் தாண்டி 80 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் என் 1998 மாடல் மாருதி 800-ன் ஸ்டியரிங் உதறியது. வேகம் குறைத்தால் கப்சிப். இது பெரும்பாலும் வீல் பாலன்ஸிங் கோளாறு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

கூடவே வண்டி இடப்பக்கம் இழுத்தது. மழைநீர் வடிய நம்ம ரோடு ஓரம் சரிவாக இருக்கும். லேசான இழுப்பு சகஜம். இது லேசு இல்லை.

லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். ஈயத்துண்டு வைத்து பாலன்ஸ் பண்ணியதில் உதறல் போச்சு. காற்று சரி. முன் டயர்களை இடம் வலமாக மாற்றியும் இழுப்பு பக்கம் மாறவில்லை. ஆக, டயர் நிரபராதி! ஜாக்கி போட்டுச் சுற்றினார். வலது சக்கரம் சுழன்றது, இடது அடம்பிடித்தது.

"காலிபர் ஜாம் சார். பிரேக்கை விட்டாலும் அது பிடியை விடல. இதோட மலை இறங்கினா சூடேறி, பிரேக்கே பிடிக்காமப் போயிடும்."

ரிப்பேருக்கு அரை நாள் போச்சு. மறுநாள் இரண்டாவது கியரில் 70 வளைவும் நிம்மதியாக இறங்கினேன்.

பழைய காரும் மாமனாரும் ஒண்ணு. முனகும்போதே என்னன்னு கேட்டுடணும்!