பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே



அசாம் ஜாவா சாலையோரத்தில் சற்று நேரம் நின்றால் போதும். செம்பனைக் குலைகளையும் மணலையும் ஏற்றிய லோரிகள் ஓயாமல் கடந்து செல்லும். "பெரியவனானதும் என்ன ஆவாய்?" என்று வகுப்பில் கேட்டால், "லோரி ஓட்டுவேன் டீச்சர்" என்று சொல்லும் மாணவன் ஆண்டுதோறும் ஒருவனாவது உண்டு. அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. வெட்டிய குலைகள் ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அது பொறுப்புள்ள தொழில்.

என் கவலை வேறு. கனரக ஊர்திக்கான 'இ' உரிமமும், சரக்கு ஏற்றிச் செல்வதற்கான ஜி.டி.எல். உரிமமும் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு வயது 17. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நம் பையன்கள் சிலர் கெலிண்டானாக லோரியில் ஏறி, தோட்டத்துச் செம்மண் சாலையிலேயே ஓட்டப் பழகிவிடுகின்றனர். வண்டியைத் திருப்பக் கற்கின்றனர். பாரம் ஏறிய வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் கற்பதில்லை. 2025 மே 13இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியுடன் நேர்ந்த விபத்தில் ஒன்பது காவல்படையினர் மாண்டனர். அந்த லோரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

முறையான பயிற்சிக்குக் கட்டணம் தடையாகலாம். அதனால்தான் அரசுப் பயிற்சி தேவைப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு 1976இல் நிறுவிய சாலைப் போக்குவரத்து நிறுவனம், கும்மிடிப்பூண்டியில் கனரக ஊர்தி ஓட்டுநர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளியையே அமைத்தது. நம் நாட்டில் மனிதவள அமைச்சு, எச்.ஆர்.டி. கோர்ப் வழி, இந்திய சமூகத்திற்கென 'மிசி' என்னும் திறன் பயிற்சித் திட்டத்தை 2024இல் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் ஓட்டுநர் பயிற்சிக்கு இடமுண்டா என்று பெற்றோர் நேரில் கேட்டறிதல் நலம்.

ஆனால், அந்தக் கதவு திறக்கும்போது பிள்ளை ஆயத்தமாக இருக்க வேண்டுமே! 17 வயதிலேயே 'டி' உரிமம் எடுக்கலாம். 'இ' உரிமத்திற்கு அதுவே முதற்படி. அதன் கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியான விடைகள் வேண்டும். வாசித்துப் பொருளுணரத் தெரியாதவன் அங்கேயே தடுக்கி விழுவான். அந்த வாசிப்பைக் கற்பிக்கும் கடமை தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்முடையது. சம்மன் இல்லாமல் நான்கு ஆண்டுகளைக் கடக்கச் செய்வது பெற்றோரின் கடமை.

லோரி ஓட்ட விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் ஓட்டுவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.